கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

நாற்காலி வெயிலில் கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் வளைந்தது, உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். உச்சிமாகாளி அதில் உட்கார்ந்ததும் தொடையில் சுரீர் என்று ஏறியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கக் கூடாது, நடுவர் மஞ்சள் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டார் என்றால் பத்து நிமிஷத்துக்கு நீ ஆட்டத்தில் இல்லை, உனக்குப் பதில் வேறு ஆளும் இல்லை, மிச்சம் பதினாலு பேர் உன் பாரத்தையும் சேர்த்துத் தூக்குவார்கள், நீ கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ரக்பி ஆட்டத்தில் அதுதான் தண்டனை, அடிக்கிறதில்லை, வைகிறதில்லை, உட்கார வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றாள். நேரம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒடியாக்காரி. கழுத்தில் தொங்கிய கடிகாரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள், பேசாமல் இரு என்றோ தண்ணீர் வேணுமா என்றோ, அவன் இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தான். இந்தப் புவனேசுவரத்துக்கு வந்த நாளில் இருந்து அப்படித்தான், யார் எது கேட்டாலும் பொதுவாக ஒரு ஆட்டு. இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்றைக்குக் கடைசி ஆட்டம். இருக்கிறவர்களை நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை என்று இரண்டாகப் பிரித்து மோதவிட்டுவிட்டு, தொப்பி போட்ட பயிற்சியாளர் தள்வி சார் எதிர்ப்பக்கத்துக் கோட்டோரம் நின்று பார்க்கிறார், அவர் கண்ணில் பட்டவன் அணியில் இருப்பான், படாதவன் ரயிலில் இருப்பான். ஏழாம் நம்பர் இடத்துக்கு இரண்டே பேர்தான் மிச்சம். ஒருத்தன் இந்த நாற்காலியில், நீலச் சட்டையில். இன்னொருத்தன் ரன்தீர், பட்டாளத்துக்காரன், இதோ நாற்காலிக்கு முன்னாலேயே மேலும் கீழும் ஓடி உடம்பைச் சூடாக்குகிறான், அவன் நிழல் ஒவ்வொரு தடவையும் உச்சிமாகாளியின் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகிறது.

விட்டிருக்கலாம். கையை விரித்தால் போதும், அவ்வளவுதான் வேலை. ‘ரிலீஸ், ரிலீஸ்’ என்று நடுவர் காதுக்குள்ளேயே கத்தினார், கேட்காமல் இல்லை. ஒருத்தன் இடுப்பிலும் ஒருத்தன் காலிலும் தொங்க, கீழே விழுந்தாகிவிட்டது, விழுந்தவன் பந்தைத் தன் ஆட்கள் பக்கமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், பின்னால் வருகிறவன் எடுத்துக்கொள்வான், அதுதான் சட்டம். சொன்னால் சுலபமாகத்தான் இருக்கிறது. இவன் வளர்ந்த ஆட்டம் வேறு. கபடியில் பாடிப் போகிறவன் பிடிபட்ட பிறகுதான் சனம் எழுந்து நின்றே பார்க்கும், நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் மூச்சை அறுத்துவிடாமல், முழங்காலை ஊன்றி, நகத்தைப் பூமியில் கொடுத்து, அத்தனை பேரையும் முதுகில் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டை ஒரு விரல் நுனியால் தொட்டுவிட்டால் அமுக்கினவர்கள் எல்லோரும் அவுட், அதற்குப் பேர்தான் ஆட்டம், அதற்குப் பேர்தான் ஆம்பிளை. இன்றைக்கும் கோடு தெரிந்தது. வெள்ளையாக, ஒரு கை தூரத்தில், ஈரப்புல்லும் சுண்ணாம்பும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது, அந்த வாசம்தான் கெடுத்தது. ஒடிசா போய்விட்டது, தள்வி சார் போய்விட்டார், முழங்கால் தானாக ஊன்றிக்கொண்டது, வாய் தானாகக் கபடி கபடி என்றது, பந்தை அடிவயிற்றில் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்துவிட்டான். ஊரில் என்றால் விசில் பறக்கும். இங்கேயும் விசில் பறந்தது, நடுவர் விசில். இன்றைக்கு இது மூன்றாவது தடவை. ‘உன் கைக்கு என்னதான் கேடு?’ என்று தள்வி சார் முதல் வாரமே கேட்டார், இந்தியில் கேட்டார், கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டதால் புரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வரச்சொல்லி இவனை மட்டும் விழவைப்பார், விழு, வை, கையைக் காட்டு, விழு, வை, கையைக் காட்டு, வெறுங்கை தெரிய வேண்டும் அவருக்கு, சோறு தின்ற பிள்ளை கழுவின கையைக் காட்டுகிற மாதிரி இவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். பயிற்சியில் விட்டுவிடுவான். ஆட்டத்தில் விடமாட்டான். படுக்கையில் கிடந்து, காற்றாடி சுற்றுகிறதைப் பார்த்துக்கொண்டு, விரலை மூடி மூடித் திறந்து பழகினான், தூக்கம் வந்தால் விரல் மூடிக்கொள்ளும், விடியும்போது பார்த்தால் போர்வையின் முனை கைக்குள் இருக்கும்.

விட்டிருக்கலாம்தான், ஆனால் யாரிடம் விடுவது. அதுதான் அவனுக்கு இன்னும் பிடிபடாத சங்கதி. பின்னால் ஆள் வரும், பின்னால் ஆள் வரும் என்கிறார் தள்வி சார், பாடிப் போகிறவனுக்குப் பின்னால் எங்கே ஆள் இருக்கிறது, முன்னால் ஏழு பேர் இருக்கிறார்கள், பின்னால் இருக்கிறது கோடு ஒன்றுதான், அதற்கு அந்தப் பக்கம் நிற்கிற நம்ம ஆட்கள் கத்தலாம், அழலாம், ஒரு கை கொடுக்க முடியாது. அப்படியே பழகிவிட்ட உடம்பு இது. தரையில் முகம் பதிந்து கிடக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்கிறது, யார் பூட்ஸ் என்று எப்படித் தெரியும், பஞ்சாப்காரன் பூட்ஸும் வங்காளி பூட்ஸும் ஒன்றுபோல்தான் கேட்கிறது, ஊரில் கூடக் கபடி ஆடுகிற சங்கரபாண்டி அண்ணன் நடந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைப்பார். அம்மையிடம் போனில் சொன்னபோது அவள் ஆட்டத்தை நம்பவே இல்லை. “முட்டை மாதிரி இருக்குமாமே பந்து, அதத் தூக்கிட்டு ஓடுததுக்கா இம்புட்டுத் தூரம் போன?” என்றாள். “ஓடுததுக்கு இல்லம்மா. விடுததுக்குச் சொல்லித் தராவ” என்றான். “என்னத்த விடுததுக்கு?” “ஒண்ணுமில்ல. சாப்ட்டியா?” “எனக்கென்ன, நீ சாப்ட்டியா? அங்க சோறு போடுதாவளா, ரொட்டியா?” இந்தப் பேச்சு முடிந்து போனை வைத்த பிறகு வாய்க்குள் தமிழ் கொஞ்ச நேரம் கிடக்கும், வெற்றிலைச் சாறு மாதிரி, துப்பவும் மனசு வராது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே, வாளி, சோப்பு, துண்டு என்று கண்ணில் பட்டதை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பான். ஒரு நாள் கதவைத் திறந்தால் அறைத்தோழன் லக்கன் நின்றுகொண்டிருக்கிறான், பல் குச்சியும் கையுமாக, சிரிக்கிறான். லக்கன் சந்தாலிப் பழங்குடிப் பையன், ஒன்பதாம் நம்பர், குட்டை, ஓணான் மாதிரி ஓடுவான், அவனுக்கும் இந்தி பாதிதான் வரும். ஊரில் இருந்து கொண்டுவந்த பொரியில் பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டுக் காகிதத்தில் கொட்டி நடுவில் வைப்பான், இரண்டு பேரும் பேசாமல் தின்பார்கள், தின்று முடித்ததும் லக்கன் ‘அச்சா’ என்பான், இவன் ‘அச்சா’ என்பான், அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. நல்ல பையன்தான். ஆனால் விழுந்து கிடக்கும்போது அவன் வருவான் என்று கையை விட முடியுமா, எந்தத் தைரியத்தில்.

ரன்தீர் நிழல் மறுபடியும் முழங்காலைத் தொட்டது. அவன் விடுவான். தண்ணீர்க் குழாயை மூடுகிற மாதிரி, விழுந்தானா, வைத்தானா, எழுந்தானா என்று இருக்கும், ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் மோதினால் அவனைச் சாய்த்துவிடலாம், உச்சிமாகாளியைச் சாய்க்க மூன்று பேர் வேண்டும். தள்வி சார் அதற்காகத்தான் இவனை இத்தனை நாள் வைத்திருக்கிறார். இந்த உடம்பு வேண்டும் அவருக்கு, இந்தக் கை வேண்டாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது. குடைக்கார அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், இவன் அவள் முகத்தைப் பார்த்தான், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இது இல்லாமல் போனால் எங்கே போவது. ஊருக்குப் போகலாம், வீடு இருக்கிறது, இடம் இல்லை. வாடாமல்லி கபடிக் குழு கோவில் கொடைக்கு ஆடப் போகிற நேரத்தில்தான் இங்கே வரச்சொல்லி அழைப்பு வந்தது. சங்கரபாண்டி அண்ணன்தான் கேப்டன். முறைக்கு அண்ணன், ஆனால் கூடப் பிறந்தவனைவிட மேல். களத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னான். குடத்தைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார். “போறவன் போலே. ஆனா ஒன் எடத்த மூடி வச்சிக்கிட்டு நாங்க காத்துக் கெடக்க மாட்டோம், ஆள் போட்ருவோம்.” “போடுங்கண்ணே.” “பெரிய எடம். சட்டக் காலர் கசங்காம வெளாடணும்லா, பாத்துக்க.” மற்றவர்கள் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை, திரும்பவும் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டார், இவன் நின்ற இடத்துக்கும் சேர்த்துத் தெளித்தார், கால் நனைந்தது, அதைப் போ என்று எடுத்துக்கொள்வதா இரு என்று எடுத்துக்கொள்வதா, ரயிலில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் எத்தனையோ தடவை போன் போட்டாகிவிட்டது, மணி அடிக்கிறது, எடுக்கிறதில்லை. ஆள் போட்டிருப்பார்கள். கண்டிப்பாகப் போட்டிருப்பார்கள்.

கபடியிலும் வெளியே உட்கார்ந்திருக்கிறான், உட்காராமல் யார் ஆடினது, ஆனால் அந்த உட்காரல் இப்படி இருக்காது. அவுட்டானவன் கோட்டோரமாகத் தரையில் வரிசையாக உட்காருவான், முதலில் வந்தவன் முதலில், தொடையோடு தொடை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவன் வேர்வை இவன் தோளில் வழியும், இவன் மண் அவன் முதுகில் அப்பும், உள்ளே நம்ம ஆள் பாடிப் போகும்போது வெளியே இருக்கிற அத்தனை பேருக்கும் மூச்சு நிற்கும், ஏனென்றால் அவன் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வந்தால் வரிசையில் முதல் ஆளுக்கு உயிர், எழுந்து உள்ளே போகலாம், புள்ளி எதற்கு எடுக்கிறான், உன்னை உள்ளே கூப்பிடத்தான் எடுக்கிறான். ஒரு கொடையில் சங்கரபாண்டி அண்ணன் விரல் பிசகி வீங்கிப்போய், உள்ளே அவர் ஒருத்தர்தான் மிச்சம், நாங்கள் ஆறு பேரும் வெளியே என்று இவன் எப்போது நினைத்தாலும் ‘நாங்கள்’ என்றுதான் வரும், வெளியே ஆறு பேர் வரிசையாக, முதலில் இவன், அண்ணன் அந்த விரலோடு போனார், கூட்டத்துக்குள் கையை விட்டார், தொட்டார், திரும்பி வந்து கோட்டில் விழுந்தார், விழுந்த இடத்தில் இருந்தே இவனைப் பார்த்து, “வாலே உள்ள” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வாலே உள்ள. கோவிலில் சாமியாடிகூட அப்படிக் கூப்பிட்டது கிடையாது. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளே அப்படியே இருக்கிறது, தாரை தப்பட்டைக்கு நடுவில், மண்வாசத்துக்கு நடுவில், வாலே உள்ள என்று, எதிரே மைதானத்தில் ஏதோ ஆரவாரம் கேட்கிறது, நீலச்சட்டை ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து கோட்டோரமாக ஓடுகிறது, குட்டையாக, ஓணான் மாதிரி, லக்கன், ஒருத்தன் பாய்ந்தான், லக்கன் உள்ளே வெட்டினான், இன்னொருத்தன் பாய்ந்தான், அவன் கை காற்றைப் பிடித்தது, லக்கன் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தோடு விழுந்து புரண்டான், நீலச்சட்டைகள் கத்துகிறார்கள், புள்ளி, நம்ம ஆள் புள்ளி எடுத்துவிட்டான், உச்சிமாகாளி எழுந்தான். குனிந்து கோட்டைத் தொட்டான். தொட்ட கையை நெற்றியில் வைத்தான். உள்ளே ஓடினான்.

பத்து எட்டு போயிருப்பான், அதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. ஓடுகிறவனுக்குத் தான் தனியாக ஓடுகிறது எப்படித் தெரியும், காற்று தெரிவிக்கும். நடுவர் இவனைப் பார்த்து நின்றார், விசிலை வாய்க்குக் கொண்டுபோய் ஊதாமல் வைத்திருந்தார், ஊதுகிற விஷயமா இது என்று அவருக்கே தெரியவில்லை போல. “எங்கப்பா வர்றே?” என்று கேட்டார், இங்கிலீஷில். யாரோ ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நீலமும் வெள்ளையும் சேர்ந்து சிரித்தது, ரன்தீர் கோட்டோரத்தில் இருந்து, “என்ன தம்பி, வெயில் தாங்கலையா, எந்திரிச்சு வந்துட்ட?” என்று இந்தியில் கேட்டதும் இவனுக்கு நன்றாகவே புரிந்தது, கேலி எந்தப் பாஷையிலும் புரிந்துவிடுகிறது. குடைக்கார அம்மாள் குடையோடு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள், தோட்டத்துக்குள் நுழைந்த ஆட்டைக் கொண்டுபோகிற மாதிரி ஒரு வார்த்தை திட்டாமல் திரும்ப நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் விட்டாள். தள்வி சார் தொப்பியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டு நின்றார். சிரிப்பைத்தான் மறைக்கிறாரோ, வேறு எதையோ. உச்சிமாகாளிக்குக் காது இரண்டும் எரிந்தது. சிரிக்கட்டும், சிரிப்பு போய்விடும். போகாதது ஒன்று இருந்தது, உட்கார்ந்த பிறகுதான் அது மெல்ல உள்ளே இறங்கியது. அவனை உள்ளே கூப்பிடுவதற்காக எடுத்த புள்ளி இல்லை அது. அவன் இல்லாமலே எடுத்த புள்ளி. பதினஞ்சு பேராக இருந்தபோது எடுக்க முடியாததைப் பதினாலு பேராக எடுத்துவிட்டார்கள், அவன் கெட்டியாகப் பிடித்துக் கெடுத்ததை அவன் வெளியே வந்ததும் விட்டு விட்டு, கை மாற்றிக் கை மாற்றி, கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள், இவன் என்னவென்றால் உயிர் வந்துவிட்டது என்று எழுந்து ஓடுகிறான். யாரும் கூப்பிடவில்லையே. யாருக்கும் கூப்பிட வேண்டிய தேவையே இல்லையே. ஊரில் இவன் இடத்தில் போட்ட ஆள் எப்படி ஆடுகிறானோ, வாடாமல்லியும் ஜெயித்திருக்குமோ என்னவோ, ஜெயித்திருக்கும். விரலைப் பார்த்தான். மூடியிருந்தது. ஒன்றும் இல்லாத கை, எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

பத்து நிமிஷம் ஆனது. அம்மாள் தோளைத் தட்டினாள். எதிர்ப்பக்கத்தில் தள்வி சார் இரண்டு பேரையும் பார்த்தார், ரன்தீர் மேல்சட்டையைக் கழற்றி ஆயத்தமாக நிற்கிறான், அவர் அவனை நோக்கி உள்ளங்கையைக் காட்டினார், பொறு, இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. அப்புறம் நடுவர் கையசைக்க உச்சிமாகாளி உள்ளே போனான், இந்தத் தடவை நடந்தே போனான். போனால் நிற்க இடம் இல்லை. நீலச்சட்டைகள் குறுக்கே வரிசை கட்டி நிற்கிறார்கள், அவன் இருந்த இடைவெளியை இந்தப் பக்கம் ஒருத்தனும் அந்தப் பக்கம் ஒருத்தனும் நகர்ந்து எப்போதோ மூடிவிட்டார்கள், தப்பு இல்லை, மூடத்தான் வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “எங்க நிக்க?” என்றான். தமிழில்தான் வந்தது. இந்த மைதானத்தில் அவன் வாயைத் திறந்து பேசின முதல் பேச்சு அதுதான். லக்கன் திரும்பினான், என்ன புரிந்ததோ, பக்கத்தில் இருந்தவனை இடுப்பால் ஒரு இடி இடித்து நகர்த்தினான், ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விழுந்தது, உச்சிமாகாளி அதில் போய் நின்றான். நின்ற சூட்டிலேயே பந்து வந்தது. வாங்கினான், தலையைத் தாழ்த்தி இடித்துக்கொண்டு போனான், முதல் ஆள் தெறித்தான், இரண்டாவது ஆள் இடுப்பில் தொங்கினான், மூன்றாவது ஆள் காலைப் பிடித்தான், நாலாவது எட்டு எடுக்க முடியவில்லை, பூமி முகத்துக்கு வந்தது. கோடு தெரிந்தது. இன்னும் இரண்டு இழுப்பு, இழுத்துவிடலாம், முழங்கால் ஊன்றப் பார்த்தது. ஊன்றவில்லை. கையை நீட்டிப் பந்தைப் பின்பக்கமாகப் புல்லில் வைத்தான். விரலை எடுத்தான், ஒன்று, ஒன்று, அப்புறம் மொத்தமாக. விட்டுவிட்டான். பந்து அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது, இவன் இங்கே தனியாகக் கிடந்தான், நடுவில் ஒரு சாண் புல். பின்னால் ஆள் வரும். பூட்ஸ் சத்தம் வந்தது, பக்கத்தில் வந்தது, கண்ணுக்கு நேரே ஒரு காலுறை வந்து நின்றது. வெள்ளைக் காலுறை. எதிராளி குனிந்து, தேங்காய் பொறுக்குகிற மாதிரி, சாவகாசமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். அதற்கப்புறம்தான் லக்கன் வந்து சேர்ந்தான், மூச்சு வாங்க, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “நான்தான், நான்தான் லேட்டு” என்று பாதி இந்தியில் சொல்லிவிட்டு அவனைக் கைகொடுத்துத் தூக்கினான்.  அப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்து கைதட்டல் கேட்டது. தள்வி சார். தொப்பி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் தட்டுகிறார், “அதுதான் உச்சி, அதேதான், இத்தனை நாளா இதைத்தான் கேட்டேன்” என்கிறார், ரன்தீர் ஓடுகிறதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். பந்தை எதிராளிக்குக் கொடுத்ததற்குக் கைதட்டுகிறார்கள், இதற்குத்தான் இந்திய அணிச் சட்டை தரப் போகிறார்கள், ஊரில் போய் இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் சங்கரபாண்டி அண்ணன் ஏலே விட்டுட்டியாலே என்று ஒரு வார்த்தை கேட்பாரே, அதற்கு என்ன பதில். வெள்ளைச்சட்டை அவன் விட்ட பந்தோடு வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. உச்சிமாகாளி அதன் பின்னால் ஓடினான். தள்வி சார் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.